வாயில் அடக்கிய கற்கண்டு

என் தங்கை தினமும் இருநூற்றெழுபது படி ஏறி வேலைக்குப் போகிறவள். மாடிப்படி இல்லை, செங்குத்தான இரும்பு ஏணி. உயரக் கட்டடம் எழும்புகிற இடங்களில் ஒற்றைக்காலில் கோபுரம் மாதிரி ஒரு கிரேன் நிற்குமே, அதன் உச்சியில் ஒரு கண்ணாடிக் கூண்டு உண்டு. அதற்குள் உட்கார்ந்து இரண்டு கைப்பிடிகளை அசைத்து, இரண்டு டன் கம்பிக்கட்டைப் பத்தொன்பதாம் மாடியில் பூ வைப்பது போல வைப்பாள். சின்ன வயதிலேயே நெடுநெடுவென்று வளர்ந்ததால் வீட்டில் அவளுக்கு ஏணி என்று பெயர். பெயர் வைத்தவன் நான். அவள் பிழைப்பு எனக்கு அப்போதே தெரிந்திருந்தது என்று சொன்னால் மட்டும் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன். பதினைந்து வயதில் குழாய் வேலைக்கு வந்தேன். இன்றைக்கு இந்த ஊரில் பத்து மாடிக்கு மேற்பட்ட கட்டடங்களில் பாதிக்குத் தண்ணீர் ஏறுவதும் கழிவு இறங்குவதும் என் கைவேலை. இன்ஜினியர் வரைபடத்தை விரித்ததுமே, "இந்த வளைவுல அடைக்கும் சார்" என்பேன். சிரிப்பார்கள். ஆறு மாதம் கழித்து அதே வளைவில் அடைத்துக்கொண்டு என்னைத்தான் கூப்பிடுவார்கள். குழாயில் எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று அறுபது வயதுவரை மார்தட்டிக்கொண்டிருந்தேன். என் தங்கை வயிற்றுக்குள் இருக்கிற இருபது அடிக் குழாய் என்னை வாயடைக்க வைத்தது.

ஏணிக்கு வயிறு சிறுவயது முதலே தகராறு. திடீரென்று முறுக்கிப் பிடிக்கும், உப்பிக்கொள்ளும், உடனே ஓட வேண்டும். வீட்டில் இருக்கிறவள் ஓடலாம். எண்பது மீட்டர் உயரத்தில் கூண்டுக்குள் இருக்கிறவள் எங்கே ஓடுவாள்? மேலே கழிப்பறை கிடையாது. இறங்கவே பன்னிரண்டு நிமிடம் ஆகும். அதனால் அவள் ஒரு வழி வைத்திருந்தாள். முந்தின நாள் சாயங்காலத்தோடு சாப்பாட்டை நிறுத்திவிடுவாள். வெறும் வயிற்றோடு ஏறி, மயக்கம் வராமலிருக்க வாயில் ஒரு கற்கண்டை அடக்கிக்கொள்வாள். அது கரைந்தால் இன்னொன்று. பதினான்கு வருடம் இப்படித்தான் ஓட்டினாள். எலும்பும் தோலுமாக இருக்கிறாயே என்று கேட்டால், "ஏணிக்கு எதுக்குண்ணா சதை?" என்பாள்.

கற்கண்டு எங்கள் அம்மாவின் வைத்தியம். யாருக்கு வயிற்று வலி என்றாலும் சமையலறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து அந்தத் தகர டப்பா இறங்கும். வாயில் ஒரு கட்டி, கையில் ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர். வலி போகாவிட்டால் இன்னொரு கட்டி. அம்மாவைப் பொறுத்தவரை அதற்கு மேல் ஒரு மருந்து உலகத்தில் இல்லை.

போன வருடம் ஒரு கட்டடத்தில் நாங்கள் இருவருமே வேலை பார்த்தோம். மேலே அவள், கீழே நான். அங்கே ஒருநாள் அவள் நடுவேலையில் இறங்க வேண்டியதாகிவிட்டது. மேனேஜர் அவளைக் கூப்பிட்டு, "டாக்டர்கிட்ட போய்ட்டு வாங்கம்மா, இது சரிப்படாது" என்றார். மாப்பிள்ளை லாரியோடு வெளியூர் போயிருந்ததால் நான்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

குடல் டாக்டர் ஓர் அம்மாள். நாற்பது வயதிருக்கும், கறாரான குரல், மேஜை மேல் ரப்பரில் செய்த குடல் பொம்மை ஒன்று. ரத்தம் பார்த்தார், மலம் பார்த்தார், கேமரா விட்டும் பார்த்தார். எல்லாம் சுத்தம். புண் இல்லை, கட்டி இல்லை, வீக்கம் இல்லை.

"அப்ப எனக்கு ஒண்ணுமே இல்லையா மேடம்?" என்றாள் ஏணி. அந்தக் குரலில் சந்தோஷமே இல்லை. இத்தனை வருடம் பட்டதற்கு ஒன்றுமே இல்லையென்றால், வேஷம் போட்டாள் என்றுதானே ஊர் சொல்லும்?

"இருக்கு. எரிச்சல் குடல் நோய்னு சொல்லுவோம். குடல் பார்க்க நல்லாருக்கும், வேலை செய்ற விதத்துலதான் கோளாறு. பொய் இல்லம்மா, கற்பனையும் இல்ல. உங்க வீட்டுல வேற யாருக்காவது இப்படி உண்டா?"

ஏணி என்னைப் பார்த்தாள். டாக்டரும் என்னைப் பார்த்தார்.

"எங்க வீட்டுலயா? எனக்கெல்லாம் கல்லத் தின்னாலும் கரைஞ்சிரும் டாக்டரம்மா. பரம்பரையே இரும்பு வயிறு. இவ ஒருத்திதான் இப்படி" என்றேன்.

டாக்டர் அதை அப்படியே எழுதிக்கொண்டார். நான் சொன்னது பொய். ஏன் சொன்னேன் என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பால், வெங்காயம், பூண்டு, கோதுமை என்று ஒரு பட்டியலை நிறுத்தச் சொல்லி, மாத்திரை கொடுத்து, தின்பதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வரச் சொன்னார். ஏணி ஒழுங்காக எழுதினாள். இரண்டு இட்டிலி என்றால் இரண்டு இட்டிலி, அரை வாழைப்பழம் என்றால் அரை. ஆறு வாரம் ஆகியும் வயிறு அசைந்து கொடுக்கவில்லை. டாக்டர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்குப் பிடி கிடைக்கவில்லை.

அடுத்த முறை நடந்தபோது நான் தரைத்தளத்தில் இருந்தேன். காலை பத்து மணி. கான்கிரீட் லாரி இரண்டு வரிசையில் நின்று உருண்டுகொண்டிருந்தது. ஏணி ஒரு கம்பிக்கட்டைத் தூக்கிப் பாதி உயரத்தில் வைத்திருந்தாள். கீழே நின்று கிரேனுக்கு வழி சொல்கிற சிக்னல்காரரின் வாக்கிடாக்கியில் அவள் குரல் வந்தது.

"அண்ணே, இதை வச்சிட்டு இறங்குறேன். அவசரம்."

சிக்னல்காரர் அவளோடு பத்து வருடமாக வேலை செய்கிறவர். கையால் சைகை காட்டுவார், வாயால் கிண்டல் பண்ணுவார். அன்றைக்குக் கிண்டல் வரவில்லை. "மெதுவாம்மா. கட்டு உன் கையில இருக்கு, மத்ததெல்லாம் அப்புறம்" என்றார்.

அந்த நிலைமையிலும் கட்டை ஓர் அங்குலம் ஆடாமல் பத்தொன்பதாம் மாடியில் இறக்கினாள். கொக்கியை மேலே ஏற்றினாள். கிரேனின் கை காற்றோடு தன்னால் திரும்பும்படி பிரேக்கை விடுவித்துவிட்டுத்தான் கூண்டுக் கதவைத் திறந்தாள். பிறகு அந்த ஏணியில் அவள் இறங்கிய வேகம் இருக்கிறதே, நான் கையிலிருந்த குழாயைப் போட்டுவிட்டு அதன் அடிக்கு ஓடினேன். ஐம்பது நிமிடம் வேலை நின்றது. ஒரு லாரி கான்கிரீட் இறுகிப்போய்த் திருப்பி அனுப்பினார்கள்.

மேனேஜர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. "மேடம், உங்க கை மாதிரி கை எனக்குக் கிடைக்காது. ஆனா இன்னும் ரெண்டு மாசத்துல புது கிரேன் நிக்குது, நூத்திப்பத்து மீட்டர். உடம்பு தகுதின்னு டாக்டர் லெட்டர் இல்லாம உங்கள ஏத்த முடியாது. லெட்டர் வரலைன்னா ஸ்டோர்ல உக்காந்துக்குங்க" என்றார்.

ஸ்டோர் என்பது ஆணியும் போல்ட்டும் எண்ணுகிற தகரக் கொட்டகை. ஏணி ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்து அதன் வாரைப் பிடித்து நீவிக்கொண்டே இருந்தாள். நாற்பத்தாறு வயதில் அவளை அப்படி நான் பார்த்ததில்லை.

வெளியே வந்ததும் சிக்னல்காரர் என்னை ஓரமாக இழுத்தார். "பைப்பண்ணே, சாப்பிடாமக் கொள்ளாம எப்படி மேல இருக்கும் அந்தப் புள்ள? காலைல வந்ததும் என்கிட்டதான் கேக்கும். இந்தாங்க பாருங்க" என்று சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கற்கண்டு. "மேல இருக்கிறது தீந்துட்டா கயித்துல கட்டி அனுப்பிருவேன். இன்னிக்கு ஒம்பது மணிக்கே ஒரு பொட்டலம் போச்சு."

"நோட்டுல இதை எழுதினியா?" என்று ஏணியிடம் ஓடிப்போய்க் கேட்டேன்.

"எதை?"

"கற்கண்டை!"

"அது என்ன சாப்பாடாண்ணா? சாப்பிட்டத எழுதச் சொன்னாங்க, எழுதினேன். இது வாயில கிடக்கிறது. அம்மா குடுத்த மருந்து."

என் முதுகில் யாரோ பச்சைத் தண்ணீரை ஊற்றியது போலிருந்தது. ஏனென்றால் சர்க்கரை எங்கள் வயிற்றில் என்ன செய்யும் என்று நாற்பது வருடமாக எனக்குத் தெரியும்.

இப்போது அந்தப் பொய்க்கு வருகிறேன். எனக்குப் பத்தொன்பது வயது. ஒரு பெரிய வீட்டில் குளியலறை வேலை. புதுப் பீங்கானைப் பொருத்தி, சிமெண்ட் காய்ந்து, தண்ணீர் விட்டுச் சோதித்து முடித்திருந்தேன். வீட்டுக்கார அம்மாள் பாராட்டி, பெரிய டம்ளரில் சர்க்கரை வழிய வழிய டீ கொடுத்தார். கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த வீட்டுக் கழிப்பறையை முதன்முதலில் திறந்துவைத்தவன் நான்தான். கதவுக்கு வெளியே வீட்டுக்கார அம்மாள் நின்றுகொண்டு, "தம்பி, இன்னுமா சோதிக்கிறீங்க?" என்று கேட்டது இன்றும் காதில் இருக்கிறது.

அதே மாதிரி நாலைந்து தரம் பட்டபிறகு சர்க்கரையை விட்டேன். வயிறு அடங்கியது. ஆனால் ஊரில் என்ன சொன்னேன்? "நாக்கை அடக்கினவன் நான். நாற்பது வருஷமா இனிப்பைத் தொட்டதில்லை. அதான் முன்னுக்கு வந்தேன்" என்றேன். கல்யாண வீட்டில் சொன்னேன், வேலையாட்களிடம் சொன்னேன், என் பிள்ளைகளுக்கு உதாரணமாகச் சொன்னேன். வயிற்றுக்குப் பயந்து விட்டதை வைராக்கியமாக விற்றுவிட்டேன். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். எத்தனையோ தொழில் இருக்கக் குழாய் வேலையில் ஏன் நிலைத்தேன்? எதிர்காலத்தை அன்றே கணித்தேன் என்று பீற்றிக்கொள்வேன். நான் போகிற ஒவ்வொரு வேலையிடத்திலும் ஒரு கழிப்பறை கட்டாயம் இருக்கும். அதுதான் காரணம். தங்கை அப்படி ஒன்று பக்கத்திலேயே இல்லாத தொழிலுக்குப் போனாள். எங்கள் இருவரில் யாருக்குத் துணிச்சல் என்று நீங்களே சொல்லுங்கள்.

மறுநாளே டாக்டரிடம் போனோம். ஏணி உட்கார்வதற்குள் நான் ஆரம்பித்துவிட்டேன், தள்ளிப்போட்டால் வாய் வராது என்று.

"டாக்டரம்மா, போன தடவை நான் சொன்னது பொய். எனக்கும் இதேதான். சர்க்கரை பட்டா ஓட்டம்தான். இவ நாளெல்லாம் கற்கண்டை வாயில போட்டுக்கிறா, அது நோட்டுல இல்ல."

ஏணி என் பக்கம் மெதுவாகத் திரும்பினாள். "வைராக்கியம்?"

"வைராக்கியம் எல்லாம் இல்லடி. வயிறு."

"என் பிள்ளைங்ககிட்ட எத்தனை தடவை சொல்லிருக்க! 'மாமாவைப் பாருங்க, நாக்கை அடக்கினவரு'ன்னு நான் வேற..." என்றவள் சிரிக்க ஆரம்பித்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். கடைசிப் பகுதி சிரிப்புதானா என்று எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "ஐயா, இதை அன்னிக்கே சொல்லிருந்தா ரெண்டு மாசம் மிச்சமாயிருக்கும். சரி, இப்பவாவது சொன்னீங்களே" என்றவர், ரப்பர் குடலை எடுத்து என் கையிலேயே கொடுத்தார்.

அன்றைக்கு அந்த அம்மாள் சொன்னதை நான் செத்தாலும் மறக்க மாட்டேன். சிறுகுடலின் உட்பக்கம் மடிப்பு மடிப்பாக, மயிர்க்கால் போலத் துளிர்த்துத் துளிர்த்து இருக்குமாம். விரித்துப் போட்டால் ஒரு சின்ன வீட்டின் தரையளவு வரும். அந்த உள்தோலை உடம்பு நாலைந்து நாளைக்கு ஒரு தடவை முழுக்கப் புதிதாக மாற்றிவிடுகிறது. நான் குழாய்க்கு உள்பூச்சு அடித்துப் பத்து வருட உத்தரவாதம் கொடுத்துப் பெருமைப்பட்டவன். ஓடுகிற குழாயை நிறுத்தாமலே உள்பூச்சை மாற்ற எந்தக் கொம்பனாலாவது முடியுமா?

"பசிச்சா வயிறு உருளுதே, அது என்னன்னு நினைக்கிறீங்க?" என்றார். "பெருக்கித் தள்ற சத்தம். சாப்பாடு இல்லாத நேரத்துல ஒன்றரை மணிக்கு ஒரு தடவை ஒரு அலை மேலேர்ந்து கீழவரைக்கும் போய் மிச்சத்தைச் சுத்தம் பண்ணும். மூளைகிட்ட கேக்காது. குடலுக்குன்னே தனி நரம்புக்கூட்டம் கோடிக்கணக்குல இருக்கு. அதுவா யோசிச்சு அதுவா செய்யும்."

"கடைசில இருக்கிற வால்வு?" என்றேன். தொழில் புத்தி விடுமா?

முதல்முறையாக டாக்டர் சிரித்தார். "வர்றது காத்தா, தண்ணியா, கட்டியான்னு அதுக்குத் தெரியும். காத்தை மட்டும் தனியா விடும்."

நான் எழுந்து நின்றுவிட்டேன். ஐயா, நாற்பத்தைந்து வருடமாக வால்வு பொருத்துகிறேன். வெளிநாட்டு வால்வெல்லாம் பார்த்திருக்கிறேன். எந்த வால்வுக்கு அந்த அறிவு உண்டு? அதை நாம் உட்கார்ந்து தேய்த்துக்கொண்டு திரிகிறோம், ஒரு மரியாதை இல்லாமல்.

பிறகு கற்கண்டுக்கு வந்தார். சர்க்கரை அப்படியே ரத்தத்தில் ஏறாதாம். இரண்டு துண்டாக நறுக்கினால்தான் ஏறும். நறுக்குவதற்குச் சிறுகுடல் தோலில் கத்தரிக்கோல் மாதிரி ஒரு பொருள் உட்கார்ந்திருக்கிறது. சிலருக்கு அந்தக் கத்தரி மழுங்கல். நறுக்காத சர்க்கரை அப்படியே கீழே இறங்கும். போகிற வழியில் தண்ணீரை இழுக்கும். பெருங்குடலில் காத்திருக்கிற கிருமிகள் அதைப் பிடித்துக்கொண்டு பொங்கவைக்கும். உப்பல், முறுக்கு, ஓட்டம். அந்தக் கத்தரியை எப்படிச் செய்வது என்ற குறிப்பு உடம்பின் ஒவ்வொரு துளியிலும் எழுதியிருக்கிறதாம். மொத்தக் குறிப்பு முந்நூறு கோடி எழுத்து. அப்பா பாதி, அம்மா பாதி எழுதிக் கொடுத்தது.

"இந்த நோய் இருக்கிற எல்லாருக்கும் இதுதான் காரணம்னு இல்ல" என்று அழுத்திச் சொன்னார். "பெரும்பாலானவங்களுக்குப் பல குறிப்புகள் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் தள்ளும். அதோட சாப்பாடு, பழைய தொற்று, மனக்கவலை எல்லாம் சேரும். உங்க ரெண்டு பேருக்கும் இதுவான்னு பார்த்துரலாம்."

பார்த்த விதம்தான் அதிசயம். வெறும் வயிற்றில் ஆளுக்கு ஒரு டம்ளர் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். அம்மா கொடுத்த அதே மருந்து! பிறகு அரைமணிக்கு ஒரு தடவை ஒரு பையில் ஊதச் சொன்னார்கள். குடலில் கிருமிகள் சர்க்கரையைப் பொங்கவைத்தால் கிளம்புகிற காற்று ரத்தத்தில் கலந்து மூச்சில் வருமாம். பெருங்குடலில் நடக்கிற கூத்தை வாயில் வைத்துப் பிடிக்கிறார்கள்! இரண்டாவது மணியில் இரண்டு பேருக்கும் கருவி காட்டிய எண் ஜோடி போட்டுக்கொண்டு ஏறியது. மூன்றாவது மணியில் இருந்தது ஒரே கழிப்பறை, நாங்கள் இரண்டு பேர்.

"நான் மூத்தவன்டி!"

"நீ இரும்பு வயிறுண்ணா, தாங்குவ!" என்று சொல்லிக்கொண்டே கதவைச் சாத்திவிட்டாள்.

ரத்தம் எடுத்து அனுப்பினார்கள். மூன்று வாரத்தில் தாள் வந்தது. டாக்டர் ஒரு வரியில் விரலை வைத்தார். முந்நூறு கோடி எழுத்தில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. எனக்கும் அதே இடத்தில், அவளுக்கும் அதே இடத்தில். எங்கள் இரண்டு பேருக்கும் பதினான்கு வருட இடைவெளி. முகம் வேறு, குணம் வேறு, நான் குட்டை, அவள் நெட்டை. உள்ளே அதே வரியில் அதே எழுத்து. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது.

"அப்பாகிட்டேர்ந்தா, அம்மாகிட்டேர்ந்தா?" என்று கேட்டாள் ஏணி.

அவர்கள் இல்லாமல் சோதித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டர். எனக்குச் சோதனை தேவைப்படவில்லை. எங்கள் அப்பா வீட்டுக்குப் பக்கத்துத் தெரு ஆலையில் வேலை பார்த்தார். பஸ்ஸில் ஒரு மணி தூரத்தில் இருந்த கிளைக்கு மேஸ்திரியாகப் போகச் சொன்னபோது மாட்டேன் என்றுவிட்டார். பஸ் ஏறாதவர், பயந்தாங்கொள்ளி என்று ஊர் சொன்னது. நானும் சொன்னேன். "அவரை மாதிரி இருக்கக் கூடாதுன்னுதான் நான் மேல வந்தேன்" என்று அவர் காதில் விழவே சொல்லியிருக்கிறேன். அவர் அடிவயிற்றைக் கையால் அழுத்திக்கொண்டு அம்மா நீட்டிய சர்க்கரைத் தண்ணீரை வாங்கிக் குடிப்பார். அவரிடமிருந்து வந்த ஒரே எழுத்தை வயிற்றில் வைத்துக்கொண்டு அவரையே கேலி பேசியிருக்கிறேன். இதை இங்கே எழுதாமல் வேறு எங்கே எழுதுவது?

கற்கண்டு நின்றது. சர்க்கரை சேர்ந்த எல்லாமும் நின்றது. நறுக்குகிற அந்தக் கத்தரியையே சொட்டு மருந்தாகவும் டாக்டர் எழுதிக் கொடுத்தார். ஏணி பதினான்கு வருடத்தில் முதல்முறையாக வேலைநாளில் காலைச் சாப்பாடு சாப்பிட்டாள். பயந்து பயந்துதான் சாப்பிட்டாள். நாலாவது வாரம், இரண்டு நாள் மட்டும் வயிறு முறுக்கியது என்று நோட்டில் இருந்தது. டாக்டர் லெட்டரில் கையெழுத்துப் போட்டார். "முழுக்கப் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். பதட்டம் வந்தா குடலும் கூடவே பதறும். ஆனா இனிமே எதுக்குப் பயப்படணும், எதுக்கு வேண்டாம்னு உங்களுக்குத் தெரியும்" என்றார்.

புதுக் கிரேன் நின்ற முதல் நாள் எனக்கு அங்கே வேலையில்லை. இருந்தாலும் போனேன். நூற்றுப்பத்து மீட்டர். அண்ணாந்து பார்த்தால் என் தொப்பி விழுந்தது. மேனேஜர் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தார். காலை எட்டு மணிக்கு ஏறினாள். பத்து மணி ஆயிற்று, நான் தண்ணீர் குடிக்கவில்லை. பன்னிரண்டு ஆயிற்று. வாக்கிடாக்கியில் அவள் குரல் கரகரவென்று வந்தது.

"அண்ணே, எங்கண்ணன் கீழ நிக்கிறாரா?"

"நிக்கிறாரும்மா. கழுத்துச் சுளுக்கிக்கிட்டு நிக்கிறாரு."

"போய்ச் சாப்பிடச் சொல்லுங்க. நான் சாப்பிட்டாச்சு."

மேலே, அந்தக் கண்ணாடிக் கூண்டில், சாப்பிட்டாளாம். எனக்கு வேறெதுவும் தோன்றவில்லை. அவளுக்குள் இருக்கிற இருபது அடியை நினைத்துக்கொண்டேன். வளைந்து மடிந்து, தன்னைத் தானே பெருக்கி, தன் தோலைத் தானே மாற்றி, ஒரு குறையை வைத்துக்கொண்டு நாற்பத்தாறு வருடம் அவளைச் சுமந்தது. திட்டு வாங்கிக்கொண்டே சுமந்தது.

மாலை நாலு மணிக்கு அன்றைய கடைசிக் கட்டு இறங்கியது. கிரேனின் கை காற்றுப் பக்கம் மெல்லத் திரும்பி நின்றது. கூண்டுக் கதவு திறந்தது. சிக்னல்காரர் என் தோளைத் தட்டினார்.

"பாருங்கண்ணே. எப்பவும் பறந்துல்ல வரும்?"

ஏணி ஒவ்வொரு படியாக இறங்கினாள். இடையிடையே நிற்பதற்கென்று தட்டு வைத்திருப்பார்கள். இத்தனை வருடத்தில் அவள் அதில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. முதல் தட்டில் நின்றாள், ஹெல்மெட்டைக் கழற்றினாள், கம்பியில் சாய்ந்துகொண்டு ஊரை வேடிக்கை பார்த்தாள். எங்களுக்கு வீட்டுக்குப் போக நேரமாகிக்கொண்டிருந்தது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.